சட்டையைத் தூக்கி முகம் துடைத்தவன்

வெல்டா ரக்கரை டன்லீ ஸ்பிரிங்ஸ் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பாதிப் பேருக்கு அவளை மளிகைக் கடையின் இறைச்சிப் பிரிவில் பார்த்துப் பழக்கம். வெள்ளை அங்கி முழுக்க இரத்தக் கறையோடு நிற்பாள். நாம் கேட்டு முடிப்பதற்குள் பன்றி விலாவை வெட்டித் தாளில் சுற்றி நீட்டிவிடுவாள். மீதிப் பேருக்கு அவள் நகராட்சிப் பூங்காவின் அம்பயர். கோடை மாலைகளில் பெண்பிள்ளைகள் பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆடும்போது, முகத்தில் கம்பிக் கூண்டு மாட்டிக்கொண்டு, மட்டை பிடிப்பவர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் காலை அகட்டிக் குனிந்து நிற்பவள்.

அந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு வயிற்றெரிச்சலில்தான். மகள் ரெஜினா சிறுமியாக ஆடிக்கொண்டிருந்த காலத்தில் இருந்த அம்பயர் பாதி ஆட்டத்துக்குமேல் நிதானத்தில் இருக்கமாட்டான். ஒருநாள் பொறுக்கமுடியாமல் வேலிக்கு வெளியிலிருந்து, "பந்து எந்தப் பக்கம் போச்சுன்னாவது தெரியுமாய்யா உனக்கு?" என்று கேட்டாள். அவன் முகக் கூண்டைக் கழற்றி நீட்டி, "தெரிஞ்சவ நீயே வந்து நில்லு" என்றான். போய் நின்றாள். காலுறை ஆலையில் வேலை பார்த்த வயதில் ஆலைப் பெண்களின் அணியில் பந்து பிடித்தவள் அவள். அன்று நின்றவளை அப்புறம் யாரும் நகர்த்தவில்லை. மகள் வளர்ந்து, கல்யாணமாகி நாக்ஸ்வில்லுக்குப் போன பிறகும் வெல்டா நின்றுகொண்டேயிருந்தாள்.

அம்பயருக்கு வசவு சம்பளத்தோடு சேர்த்தி. "எங்க வீட்டுக் கோழிக்குக்கூட உன்னைவிட நல்லா கண்ணு தெரியும் வெல்டா" என்று பெஞ்சிலிருந்து யாராவது கத்துவார்கள். "அடுத்த வாரம் அனுப்பி வை அந்தக் கோழியை. எனக்கும் ஒரு நாள் லீவு கிடைக்கும்" என்பாள் திரும்பாமலே. ஒருமுறை எவனோ அவளுடைய டிரக்கின் சக்கரங்களில் காற்றைப் பிடுங்கிவிட்டான். அதற்கும் அவள் அசரவில்லை. சொன்னதை மாற்றமாட்டாள் என்பது ஊருக்குத் தெரியும். மாற்றவைக்கலாம் என்று முயன்று பார்ப்பதும் ஊருக்குப் பொழுதுபோக்காக இருந்தது.

துப்பாக்கி என்றால் அலறுகிற பெண்ணும் அல்ல அவள். கிழக்கு டென்னசி மலையில் அப்படி ஒருத்தியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கணவன் ஆர்விஸ் ஒவ்வொரு வருடமும் மான் அடித்துக்கொண்டு வருவான். அதை வெட்டி உறைபெட்டியில் அடுக்குவது வெல்டாதான். கடையில் ஒருமுறை திருட்டு நடந்த பிறகு அவளே உரிமம் எடுத்து ஒரு சின்னக் கைத்துப்பாக்கியைக் கைப்பையில் வைத்திருந்தாள். பூங்காவுக்கு வரும்போது மட்டும் அதை டிரக்கில் பூட்டிவைத்துவிட்டு இறங்குவாள். காரணம், வாசலில் இருந்த பலகை. துப்பாக்கிப் படத்தின்மேல் சிவப்புக் கோடு.

அந்தப் பலகைக்கு ஒரு கதை உண்டு. பல வருடத்துக்கு முன் ஒரு பையன்கள் ஆட்டத்தில் இரண்டு அப்பன்மார்களுக்குள் வாய்ச் சண்டை முற்றி, ஒருவன் வண்டிக்கு ஓடிப்போய்த் துப்பாக்கியோடு திரும்பி வந்தான். சுடவில்லை. ஆனால் பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து படுத்த பிள்ளைகளில் சிலர் அந்தக் கோடை முழுக்க மைதானத்துக்கு வரமாட்டேன் என்று அழுதார்கள். நகர்மன்றம் கூடி, பூங்காவுக்குள் துப்பாக்கி கூடாது என்று முடிவெடுத்தது. அன்று கைதூக்கியவர்கள் எல்லோர் வீட்டிலும் துப்பாக்கி இருந்தது. யாருக்கும் அதில் முரண்பாடு தெரியவில்லை. பிள்ளைகள் விளையாடுகிற இடம், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வசந்தத்தில் மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில் புதுச் சட்டம் வந்தது. மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வைத்திருப்பவர்கள் மாநிலத்தின் எந்தப் பூங்காவுக்குள்ளும் துப்பாக்கியோடு போகலாம். எந்த ஊரும் தடுக்கக்கூடாது. ஒரு சனிக்கிழமை காலை வெல்டா மைதானத்தில் கோடு போட வந்தபோது, பூங்கா அதிகாரி மிட்ச் ஓன்பி ஏணி போட்டு ஏறிப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன மிட்ச், பெயிண்ட் அடிக்கவா?"

"இல்ல வெல்டா. தூக்கிப் போடத்தான். இதை மாட்டிவச்சிருந்தா ஊர் மேல கேஸ் போடலாமாம். வக்கீல் போன் பண்ணாரு."

"நம்ம ஊரு, நம்ம பூங்கா. நாம போட்ட பலகை."

"நாஷ்வில்லுக்கு அது தெரியாதுல்ல" என்றான் மிட்ச். "எல்லாரும் நல்ல ஜனங்கதான். உரிமம் வச்சிருக்கிறவங்க. ஒண்ணும் ஆகாது."

வீட்டில் அவித்த பயறும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே ஆர்விஸிடம் சொன்னாள். அவன் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. "நீயும்தான் பையில வச்சிருக்க. இனிமே டிரக்ல பூட்டுற வேலை மிச்சம்" என்றான். வெல்டாவுக்கும் அப்போது பெரிதாக எதுவும் தோன்றவில்லை. பழக்கதோஷத்தில் அதற்குப் பிறகும் பூட்டிவிட்டுத்தான் இறங்கினாள்.

பிரென்ட் மாஷ்பர்னை அவளுக்கு அவன் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து தெரியும். அப்போதே தோற்றால் மட்டையை வீசுகிறவன். இப்போது ஜல்லிக் குவாரி நடத்துகிறான். ஊரில் பாதி வீட்டுப் பாதைக்கு அவன் லாரியில்தான் ஜல்லி வரும். நான்கு அணிகளுக்குச் சீருடை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். பதினொரு வயது மகள் பிரின்லி நன்றாக ஆடுவாள், அதைவிட நன்றாக ஓடுவாள். அப்பன் இல்லாத நாட்களில் இன்னும் நன்றாக ஆடுவாள் என்பது வெல்டாவின் கணிப்பு.

ஜூன் மாதத்தில் பிரென்ட் இடுப்பில் துப்பாக்கியோடு மைதானத்துக்கு வரத் தொடங்கினான். மறைத்துத்தான் வைத்திருந்தான்; சட்டை தொங்கவிட்டிருந்தான். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பி வேலியை ஒட்டி, வெல்டாவுக்கு நாலடி தூரத்தில், கால்களைக் குறுக்காக வைத்துக்கொண்டு சாய்ந்து நிற்பான். முன்பெல்லாம் கத்துவான். இப்போது கத்துவதில்லை. மகளுக்கு எதிராக ஒரு தீர்ப்பு வரும்போது, மெல்லச் சட்டையின் கீழ்நுனியைப் பிடித்துத் தூக்கி, முகத்து வியர்வையைத் துடைத்துக்கொள்வான். பொறுமையாக, நெற்றி, கன்னம், கழுத்து என்று ஒவ்வொன்றாக. அதுவரை வெள்ளை வயிறும் பெல்ட்டில் செருகிய கறுப்புப் பிடியும் பார்க்கிறவர் பார்க்கட்டும் என்று இருக்கும். பிறகு சட்டையை இறக்கிவிட்டு, "நல்ல புழுக்கம்" என்பான் பக்கத்தில் இருப்பவரிடம்.

முதல்முறை பார்த்தபோது வெல்டாவுக்குப் பயம் வரவில்லை. அசிங்கமான ஒன்றைப் பார்த்தது போல இருந்தது. தெருவில் கால்சட்டையை அவிழ்த்துக் காட்டுகிறவனைப் பார்த்தால் வருமே, அந்தக் கூச்சம்.

இன்னொரு அம்பயர் கிளென் டிப்டன், தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவன், இரண்டு ஆட்டத்தில் வழிக்கு வந்துவிட்டான். அவன் நிற்கிற நாளில் பிரின்லிக்கு எதிராக ஒரு தீர்ப்பும் வருவதில்லை. வெல்டா அவனைக் கடையில் பிடித்தாள். "உனக்கு வெக்கமா இல்ல, கிளென்?"

"எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு வெல்டா" என்றான். அரைத்த மாட்டிறைச்சியை வாங்கிக்கொண்டு போனான். அவன் முதுகைப் பார்த்து, என்ன மனுஷன் இவன் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

ஜூலை தொடக்கத்தில் நடந்த கால் இறுதி ஆட்டம் அது. இரண்டு அணியும் சமநிலையில், கடைசி இன்னிங்ஸ். பிரின்லி மூன்றாவது மூலையிலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கி ஓடிவருகிறாள். பிளேட்டைத் தொட்டால் ஜெயம்; அதற்குமுன் பந்துள்ள கையுறை பட்டால் அவுட். பந்து வந்துவிட்டது. எதிரணியில் பந்து பிடிக்கிற ஓப்பல் என்கிற ஒல்லிப் பெண் அதைப் பிடித்து, சறுக்கிக்கொண்டு வந்த பிரின்லியின் முழங்காலைக் கையுறையால் தொட்டுவிட்டாள். பிரின்லியின் கால் பிளேட்டுக்கு இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தது. புழுதி எழுவதற்கு முன்பே வெல்டா பார்த்துவிட்டாள். சந்தேகத்துக்கே இடமில்லாத அவுட்.

அவுட் என்றால் வலது முஷ்டியை உயர்த்தவேண்டும். தப்பித்தாள் என்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கவேண்டும். வெல்டா முஷ்டியை மடக்கியும் விட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் சட்டை மேலே ஏறியது. அவன் முகம் துணிக்குள் மறைந்திருந்தது. முகமே இல்லாத ஒரு வயிறும் துப்பாக்கியும் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் கைகள் இரண்டும் விரிந்தன.

ஒரு பக்கத்துப் பெஞ்சுகள் துள்ளிக் குதித்தன. புழுதியில் கிடந்த பிரின்லி எழாமல் தலையை மட்டும் தூக்கி வெல்டாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தோஷம் இல்லை. ஓப்பல் கையுறையில் பந்தை வைத்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டிருந்தாள்.

"நான் தொட்டேன் மிஸ் வெல்டா" என்றாள் மெதுவாக. புகார் மாதிரிகூட இல்லை. வெல்டாவுக்குத் தெரியாமல் போயிருக்கும், சொன்னால் சரிசெய்துவிடுவாள் என்கிற நம்பிக்கையில் சொன்னது போல இருந்தது.

வெல்டா குனிந்து, பிளேட்டின்மேல் இருந்த மண்ணைத் தூரிகையால் தட்டினாள். ஆட்டம் முடிந்த பிறகு பிளேட்டைச் சுத்தம் செய்ய ஒரு காரணமும் இல்லை.

வீட்டுக்குப் போய் ஆர்விஸிடம் சொன்னாள். அவன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேட்டான்.

"அவன் உன்னைச் சுடமாட்டான் வெல்டா. பிரென்ட் வெத்து வேட்டு."

"தெரியும்."

"தெரியுமில்ல? அப்புறம் என்ன பயம்?"

"பயம்னு யார் சொன்னா? சுடமாட்டான்னு தெரிஞ்சும் கை விரிஞ்சுதே ஆர்விஸ். என் கையி. நானா விரிக்கலை, அதுவா விரிஞ்சுது." அவள் கைகளை மேசைமேல் வைத்துப் பார்த்தாள். "அதான் குமட்டுது."

மறுநாள் மாலை பிரென்ட் கடைக்கு வந்தான். ஜெயித்ததற்கு வீட்டில் விருந்தாம். கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, விலா இறைச்சி மூன்று அடுக்கு கேட்டான். வெல்டா வெட்டினாள். "நேத்து நல்ல தீர்ப்பு மிஸ் வெல்டா" என்றான் சிரித்துக்கொண்டு. "இந்த வயசுலயும் கண்ணு ஷார்ப்பா இருக்கு உங்களுக்கு." பக்கத்தில் நின்ற பெண்மணி, "ஆமாமா, வெல்டா கண்ணு தப்பாது" என்று சேர்ந்துகொண்டாள். வெல்டா பொட்டலத்தை நீட்டினாள். அவன் போன பிறகு பின்னறைக்குப் போய்க் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். தினமும் முழங்கைவரை இரத்தத்தில் இருக்கிற கை அது. அன்றைக்குத்தான் அழுக்காகத் தெரிந்தது.

போலீஸ் தலைவரிடம் போனாள். அவர் நல்லவர்; பொறுமையாகக் கேட்டார்.

"அவன் உங்களை மிரட்டினானா?"

"சட்டையைத் தூக்கினான்."

"வாயால ஏதாவது சொன்னானா?"

"புழுக்கம்னு சொன்னான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஜூலை மாசம், மேடம். எல்லாருக்கும் வேர்க்குது. இதை நான் எந்த ஜட்ஜ் முன்னாடி கொண்டுபோறது?"

மிட்ச் ஓன்பியிடம் போனாள். அவன் வக்கீலிடம் கேட்டுச் சொன்னான்: பூங்காவைவிட்டுப் போகச் சொன்னால் பிரென்ட் ஊர்மேல் வழக்குப் போடலாம், போட்டால் ஜெயிப்பான். "அவன் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கான் வெல்டா. என் கையில ஒண்ணுமில்ல." இந்த வாக்கியத்தை அந்த வாரத்தில் அவள் பலபேரிடம் கேட்டாள். எல்லோரும் அதைச் சொல்லும்போது கையை விரித்துக் காட்டினார்கள். அவள் அந்தக் கைகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் கார்லன் விட் அந்த வாரம் ஊருக்கு வந்தார். வங்கி மாடியில் உள்ள கூடத்தில் பிஸ்கட் என்று அவர்கள் சொல்கிற மெத்தென்ற ரொட்டியும் வெள்ளைக் குழம்பும் காப்பியும் கொடுத்து மக்களைச் சந்திக்கிற நிகழ்ச்சி. பூங்காச் சட்டத்துக்குக் கைதூக்கியவர் அவர். வெல்டா கடையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். மாடிப்படிக்குப் போகிற கண்ணாடிக் கதவில் ஒரு சின்ன ஒட்டுப்படம் இருந்தது. துப்பாக்கிப் படம், அதன்மேல் சிவப்புக் கோடு. அவள் அதன்முன் நின்று பார்த்தாள். பிறகு திரும்பிப்போய்க் கைப்பையிலிருந்ததை டிரக்கில் பூட்டிவிட்டு வந்தாள்.

மேலே பிரென்ட் மாஷ்பர்ன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கால்சட்டைக்குள் செருகி இன் செய்திருந்தான். இடுப்பில் ஒன்றுமில்லை. கூடத்தில் யாருடைய இடுப்பிலும் ஒன்றுமில்லை. எல்லோரும் சமர்த்தாக வண்டியில் வைத்துவிட்டு வந்து குழம்பில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி நேரத்தில் வெல்டா எழுந்தாள். "சார், பூங்காவுல எங்க ஊரு போட்டிருந்த பலகையை நீங்க கழட்டச் சொன்னீங்க. இங்க கீழ அதே படம் ஒட்டியிருக்கே?"

"அருமையான கேள்வி மேடம்" என்றார் கார்லன் விட். அவருக்குப் பற்கள் மிக நன்றாக இருந்தன. "இது தனியார் இடம். வங்கிக்குத் தன் இடத்துல என்ன வேணும்னு முடிவு பண்ண உரிமை இருக்கு. சொத்துரிமையை நாம மதிக்கணும் இல்லையா?"

"பூங்கா எங்க சொத்துதானே?"

"அது எல்லாருடைய சொத்து. அதனாலதான் யாரையும் தடுக்கக்கூடாது. ஊருக்கு ஒரு சட்டம்னு ஆனா, நேர்மையான ஒரு குடிமகன் எல்லை எங்க இருக்குன்னு தெரியாமலே குற்றவாளி ஆயிடுவான்."

கைதட்டினார்கள். வெல்டா உட்கார்ந்தாள். பக்கத்து ஆள் அவள் தட்டை நகர்த்தி, "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார். வெள்ளைக் குழம்பு தட்டில் ஆடை கட்டிக் கிடந்தது. அவளால் அதைப் பார்க்கக்கூட முடியவில்லை.

அரை இறுதி ஆட்டம் வந்தது. பிரின்லியின் அணிதான், வெல்டாதான் அம்பயர். ஆட்டம் தொடங்குவதற்கு முன் முகக் கூண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேலியருகே போனாள். பிரென்ட் வழக்கமான இடத்தில் சாய்ந்து நின்றான்.

"பிரென்ட், பேங்க்குல அதைக் கார்ல வச்சிட்டு வந்தல்ல. இங்கயும் வச்சிட்டு வா. ஆரம்பிச்சிடறேன்."

"அது பேங்க், மிஸ் வெல்டா."

"பேங்க்குல பணம் இருக்கு. இங்க வெறும் புள்ளைங்கதான். அதானே?"

அவன் சிரித்தான். "சட்டத்தை நான் எழுதலை. உங்களுக்குப் பிடிக்கலைன்னா நாஷ்வில்லுக்கு ஒரு போன் போடுங்க."

"அப்ப ஆட்டம் இல்ல" என்றாள். திரும்பிப்போய் ஹோம் பிளேட்டின்மேல் நின்றுகொண்டாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பெஞ்சுகளிலிருந்து சத்தம் வந்தது. எல்லாம் அவளை நோக்கித்தான். "உங்க சண்டையை வீட்ல வச்சுக்கோங்க வெல்டா, எங்க பொண்ணுங்க வருஷம் பூரா காத்திருக்காங்க" என்றாள் ஒருத்தி. "அவன் யாரை என்ன பண்ணான்? சும்மாதானே நிக்கிறான்?" என்றான் இன்னொருவன். வெல்டா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முன்பு பலகை வைக்கச் சொல்லிக் கைதூக்கியவர்களில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். ஓப்பலின் அப்பா மேல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோற்ற பிறகும் மகளோடு ஆட்டம் பார்க்க வந்திருந்தார்.

அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. "போன ஆட்டத்துல பிரின்லி அவுட்" என்றாள் உரக்க. "ஓப்பல் தொட்டா. நான் பார்த்தேன். இவன் சட்டையைத் தூக்கிக் காட்டினான், நான் மாத்திச் சொல்லிட்டேன். இப்படித்தான் இங்க ஆட்டம் நடக்குது. எல்லாருக்கும் தெரியட்டும்."

யாராவது ஒருவர் எழுந்து தன் பக்கம் வருவார் என்று அவள் உண்மையாகவே நினைத்தாள். ஓப்பலின் அப்பா தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிரென்டின் குவாரியில் லாரி ஓட்டுகிறவர் என்பது வெல்டாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பேசியது பிரென்ட்தான். வருத்தப்படுகிறவன் குரலில் பேசினான். "கேட்டுக்கிட்டீங்களா? பொய்த் தீர்ப்பு சொன்னேன்னு அவங்க வாயாலயே சொல்றாங்க. வேர்வையைத் துடைச்சதுக்கு நான் பொறுப்பா? இப்படிப்பட்ட ஒருத்தர் கையிலயா நம்ம பொண்ணுங்க ஆட்டத்தைக் குடுக்கிறது?"

"அதானே" என்றார்கள். "பொய் சொன்னவங்க இதுவும் சொல்வாங்க." "எத்தனை வருஷமா இப்படிப் பண்றாங்களோ."

இருபது வருடத்துக்கும் மேல் அவளுக்குத் தெரிந்த குரல்கள். கோழியைப் பற்றிக் கத்துகிறவனின் குரலும் அதில் இருந்தது. மிட்ச் ஓன்பி ஓடிவந்து, "தயவுபண்ணி வந்துடு வெல்டா" என்று முழங்கையைப் பிடித்தான். ஆள் அனுப்பி கிளென் டிப்டனை வரவழைத்தார்கள். அவன் அவளைப் பார்க்காமல் நெஞ்சுக் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அவள் பிளேட்டிலிருந்து இறங்கினாள். வேலியைக் கடக்கும்போது பிரென்ட் தொப்பியைத் தொட்டு மரியாதை காட்டினான். வெல்டா அவன் காலடியில் துப்பினாள். வாழ்நாளில் அவள் பொது இடத்தில் துப்பியதில்லை. அது அவன் காலணியில் படவில்லை என்கிற வருத்தம் அவளுக்குப் பலநாள் இருந்தது.

அந்த வாரமே சாஃப்ட்பால் சங்கத்தார் அவளை அம்பயர் வேலையிலிருந்து நீக்கினார்கள். நேர்மைக் குறைவு என்று காரணம் சொன்னார்கள். ஆர்விஸ் அதைக் கேட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, இறுதி ஆட்டத்தன்று அவளை ஏரிக்கு மீன்பிடிக்க அழைத்துப்போனான். இருவருக்கும் ஒரு மீனும் சிக்கவில்லை.

பள்ளி திறந்த பிறகு ஒருநாள் பிரின்லி அம்மாவோடு கடைக்கு வந்தாள். அம்மா கோழிக்கால் கேட்டாள். வெல்டா எடுத்துக்கொண்டிருந்தபோது சிறுமி கண்ணாடிப் பெட்டியை ஒட்டி வந்து நின்றாள்.

"மிஸ் வெல்டா, அன்னைக்கு நான் அவுட்தானே?"

வெல்டா அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மிளகாய்ச் சாறு பாட்டில்கள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுட்தான் கண்ணு."

"எனக்குத் தெரியும். கையுறை முட்டியில பட்டுச்சு." பிரின்லி கண்ணாடியில் விரலால் கோடு இழுத்தாள். "நான் இப்ப ஆடறதில்ல. நான் ஓடி வரப்போ பந்து கையில இருந்தும் யாரும் என்னைத் தொடல. சும்மா விட்டுட்டாங்க."

பொட்டலத்தை வாங்கிக்கொண்ட அம்மா குரலைத் தாழ்த்தி, "இவ கேட்டதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். கெஞ்சல்கூட இல்லை அதில்; தினமும் எல்லோரிடமும் சொல்லிப் பழகிய குரல். அவர்கள் போன பிறகு வெல்டாவுக்கு அந்த வீட்டின் சமையலறை எப்படி இருக்கும் என்று தோன்றியது. அந்த மனிதன் அங்கே எத்தனை முறை சட்டையைத் தூக்கி முகம் துடைத்திருப்பான் என்றும் தோன்றியது.

அடுத்த வசந்தத்தில் சில பெற்றோர்கள் பாஸ்டர் ஹென்ஸ்லியிடம் போனார்கள். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மேய்ச்சல் நிலம் சும்மா கிடந்தது. தனியார் இடம் என்பதால் அவர் வாசலில் துப்பாக்கி கூடாது என்று ஒரு பலகை வைத்தார்; எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஐந்து அணிகள் அங்கே மாறின. வெல்டாவைக் கூப்பிட வந்தது ஓப்பலின் அம்மா. "அன்னைக்கு நாங்க யாரும் வாயைத் திறக்கலை" என்றாள். "ஆமா, திறக்கலை" என்றாள் வெல்டா. அவளைத் தேற்ற வேண்டும் என்று வெல்டாவுக்குத் தோன்றவில்லை. ஆனால் போனாள்.

நிலம் மேடும் பள்ளமும். வெளிப்பக்கத்தில் ஆடுகிற பிள்ளைகள் சாணியில் மிதிக்காமல் ஓடக் கற்றுக்கொண்டார்கள். விளக்கு கிடையாது, இருட்டுவதற்குள் முடிக்கவேண்டும். அரை மைல் தள்ளி நகராட்சி மைதானம் ஊர்ப்பணத்தில் வளர்த்த புல்லோடும் உயரமான விளக்குகளோடும் இருந்தது. அங்கே மிச்சமிருந்த மூன்று அணிகள் ஆடின. அந்த வழியாக டிரக்கில் போகும்போது வெல்டா அந்த வெளிச்சத்தைப் பார்ப்பாள். பார்த்ததும் வாய் கசக்கும்.

தீர்ப்புகளில் அவள் மறுபடி தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் வேலியோரம் நிற்கிற ஆண்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு இடுப்பைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அது போகவேயில்லை. அதற்காகவும் அவள் அவனை வெறுத்தாள்.

அந்த இலையுதிர்காலத்தில் பிரென்ட் மாஷ்பர்ன் நகர்மன்றத்துக்கு நின்றான். பிள்ளைகளின் விளையாட்டுக்கு முன்னுரிமை என்று சுவரொட்டியில் போட்டிருந்தான். ஓட்டுக் கேட்டுக் கடைக்குள் ஒவ்வொரு பிரிவாகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தான். இறைச்சிப் பிரிவுக்கு வந்து, எதுவுமே நடக்காதது போலக் கண்ணாடிப் பெட்டிக்குமேல் கையை நீட்டினான்.

"பழசெல்லாம் மறந்துடுவோம் மிஸ் வெல்டா. ஊருக்காக."

வெல்டா மாட்டு ஈரலைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்கவில்லை.

"என்ன வேணும் பிரென்ட்?"

"ஒண்ணும் வேணாம். உங்க ஓட்டு மட்டும்."

"இங்க கறிதான் இருக்கு" என்றாள். "அடுத்து யாரு?"

வரிசையில் அடுத்து நின்ற கிழவர் முன்னால் வந்து அரைப் பவுண்டு பன்றி உப்புக்கண்டம் கேட்டார். பிரென்ட் நீட்டிய கையை அந்தக் கிழவரிடம் திருப்பிக் குலுக்கிவிட்டு மீன் பிரிவுக்குப் போனான். தேர்தலில் அவன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தான். பூங்காக் குழுவுக்கு அவனையே தலைவராக்கினார்கள்.